பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்? மூன்று வாரம் அலைந்தவன் எழுதும் வழிகாட்டி

நான் இருப்பது மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு (புறநகர் வீடமைப்புப் பகுதி) குடிவந்த வீடுகள்தான் எங்கள் சாலையில் அதிகம். எந்த வீட்டுக்குப் போனாலும் அலமாரிக்கு மேலே ஒரு பழைய மடிக்கணினி தூசி படிந்து கிடக்கும். கேட்டால், "ரொம்ப ஸ்லோ லா, தொறக்கவே கால் மணி நேரம் ஆகுது" என்பார்கள்.

என் வீட்டிலும் அப்படி ஒன்று. 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். நம் அலமாரி மெஷின்கள் பெரும்பாலும் இதில் தேறாது. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் "புதுசு வாங்கிடுங்கண்ணே" என்றார்.

வாங்கவில்லை. லினக்ஸ் போட்டேன். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை ஓட்டும் இலவச இயங்குதளம் அது. ஆனால் நேராகப் போடவில்லை. மூன்று வார இறுதிகளை வீணடித்துவிட்டுப் போட்டேன். முதல் வாரம், பேர் கேள்விப்பட்டதை வைத்து மெஷினுக்குத் தாங்காத ஒன்றை ஏற்றினேன். இரண்டாவது வாரம் வைஃபை வரவில்லை. மூன்றாவது வாரம் தப்பான ரேம் வாங்கி வந்தேன். நீங்கள் ஒரே சனிக்கிழமையில் முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டெர்மினலில் கட்டளை அடிக்க வேண்டிய வேலை எதுவும் இதில் இல்லை.

1. முதலில், கணினி உங்களுடையதுதானா?

சிரிக்காதீர்கள். பள்ளி கடனாகக் கொடுத்த மடிக்கணினி, கம்பெனி கொடுத்தது, சங்கத்தின் பேரில் உள்ளது, இவற்றில் கை வைக்காதீர்கள். அழித்த பிறகு "பழையபடி திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாட்சாப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வீட்டில் யார் யார் எதற்குக் கணினியைத் தொடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பட்டியல் இது: மகளுக்கு டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) வழியாகப் பாடவேலை, யூடியூப், கேன்வா. மனைவிக்கு வங்கிக் கணக்கு, வாட்சாப் வெப். எனக்கு வருமான வரி இ-ஃபைலிங், கோயில் கமிட்டிக் கணக்கு, தமிழில் அறிவிப்புக் கடிதம். இவற்றில் கடைசி இரண்டைத் தவிர மற்ற எல்லாமே உலாவிக்குள் நடப்பவை. ஃபயர்ஃபாக்ஸோ குரோமோ ஓடினால் இவையும் ஓடும்.

லினக்ஸ் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வீடுகளும் உண்டு. ஃபோட்டோஷாப்பை வைத்துச் சம்பாதிப்பவர், விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருளில் கடை நடத்துபவர், வலோரன்ட் விளையாடாமல் தூங்காத பையன். வலோரன்ட்டின் ஏமாற்றுத் தடுப்பு நிரல் லினக்ஸில் ஓடாது, குறுக்குவழி தேடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஆபீஸைக் கணினியில் நிறுவவும் முடியாது. இணைய வடிவத்தில் உலாவியில் திறக்கலாம், அல்லது இலவசமான லிப்ரெ ஆபீசுக்கு மாறலாம். ஜூமுக்கு லினக்ஸ் செயலி உண்டு. டீம்ஸ் உலாவியில்தான்.

2. மெஷினைப் பற்றி நான்கு விவரம்

விண்டோஸ் இன்னும் திறக்கிறது என்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். எழுத வேண்டியவை: ரேம் எத்தனை ஜிபி, டிஸ்க் எஸ்எஸ்டியா (சுழலும் தட்டில்லாத வேகமான ரகம்) ஹார்ட் டிஸ்க்கா, புராசஸரின் முழுப் பெயர், வைஃபை கார்டின் பெயர். கடைசி விவரம் டிவைஸ் மேனேஜரில் இருக்கும். அதை நான் எழுதாமல் விட்டேன். இரண்டாவது வார இறுதி அதில்தான் போனது.

புராசஸர் 32 பிட் மட்டும் என்றால், அதாவது பழைய குட்டி நெட்புக் ரகம் என்றால், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிண்ட்டும் உபுண்டுவும் 32 பிட்டைக் கைவிட்டு வருடங்கள் ஆகின்றன. டெபியனும் 13-ஆம் பதிப்போடு 32 பிட் நிறுவியைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

3. எதை எடுப்பது?

லினக்ஸ் என்று ஒரே பொருள் கடையில் கிடையாது. உள்ளே இருக்கும் எஞ்சின் ஒன்று, மேலே உடம்பு கட்டி விற்பவர்கள் பலர். இங்கே விற்பதுகூட இல்லை, இலவசம். அந்த உடம்பைத்தான் டிஸ்ட்ரோ என்கிறார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நீங்கள் ஆறைத் தெரிந்துகொண்டால் போதும்.

மிண்ட். என் முதல் பரிந்துரை இதுதான், காரணம் எளிது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். என் மனைவி முதல் நாள் உட்கார்ந்தபோது "இது என்ன புதுசா?" என்று கேட்கவே இல்லை. மிண்ட் மூன்று முகங்களில் வருகிறது: சின்னமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஇ. சின்னமன் அழகு, கொஞ்சம் கனம். எக்ஸ்எஃப்சிஇ எளிமை, இலேசு. மாத்தே நடுவில் நிற்கும், அதைப் பற்றி மண்டையை உடைக்க வேண்டாம். 22 வரிசை உபுண்டு 24.04-இன் மேல் கட்டியது, 2029 வரை புதுப்பிப்பு வரும். குறைந்தது 2 ஜிபி ரேம், வசதிக்கு 4 ஜிபி என்று அவர்களே சொல்கிறார்கள். பதிவிறக்கம் 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு.

உபுண்டு. எல்லோரும் கேள்விப்பட்ட பெயர். ஒரு சிக்கல் வந்தால் இணையத்தில் விடை கிடைப்பது இதற்குத்தான் அதிகம், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் தோற்றம் வேறு: செயலிகள் இடது பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும், மெனு முழுத் திரையையும் பிடிக்கும். வயதானவர்களுக்கு முதல் வாரம் குழப்பம். பதிவிறக்கமே 6 ஜிபி அளவுக்கு வரும். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் நல்ல தேர்வு. 4 ஜிபியும் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கும் மெஷினில் போட்டால் முனகும். நான் அதைத்தான் செய்தேன், தப்பு என்னுடையது.

லுபுண்டு. உபுண்டுவின் இலேசான தம்பி. நினைவகத்தைக் குறைவாகத் தின்னும். கவனிக்க வேண்டியது ஆதரவுக் காலம்: பெரிய உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து வருடம், லுபுண்டு மாதிரித் தம்பிமார்களுக்கு மூன்றே வருடம். 24.04 பதிப்பு என்றால் 2027 ஏப்ரலோடு முடிந்துவிடும். இன்னொருவர் வீட்டுக்குப் போட்டுக் கொடுப்பதாக இருந்தால் திரும்ப உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ஸோரின். பார்க்க மிக அழகு. விண்டோஸ் ஆதரவு முடிந்த அதே 2025 அக்டோபர் 14 அன்றுதான் 18-ஆம் பதிப்பை வெளியிட்டார்கள், கெட்டிக்காரர்கள். இலவசப் பதிப்பின் பெயர் கோர். புரோ என்று காசு கொடுத்து வாங்குவதும் உண்டு. வீட்டு வேலைக்கு அது தேவையில்லை. 8 ஜிபி இருந்தால் பாருங்கள்.

ஃபெடோரா. எதுவும் புதிதாக வேண்டும் என்பவர்களுக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாதம்தான் ஆதரவு. அதாவது வருடத்துக்கு ஒரு முறையாவது பெரிய மாற்றம். எனக்குப் பிடித்திருந்தது, வீட்டுக்கு ஒத்துவரவில்லை.

டெபியன். பாறை மாதிரி. 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. மூன்று வருட ஆதரவு, மேலும் இரண்டு வருட நீட்டிப்பு. போட்டுவிட்டால் மறந்துவிடலாம், போடுவதற்குள்தான் கேள்வி அதிகம். ஒரு பொறியை மட்டும் சொல்கிறேன்: நிறுவும்போது ரூட் (தலைமை நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல் கேட்கும். அங்கே எதையாவது எழுதினால் உங்கள் சொந்தக் கணக்குக்கு நிர்வாக உரிமை கிடைக்காது. காலியாக விட்டால் கிடைக்கும். இது தெரியாமல் மறுபடி நிறுவியவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. காணொளி பார்த்துவிட்டுத் தம்பிமார்கள் காளி லினக்ஸ் கேட்பார்கள். அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களின் கருவிப்பெட்டி. பாடவேலை செய்ய அதைப் போடுவது, சந்தைக்குப் போக புல்டோசர் எடுப்பது மாதிரி.

என் கணக்கு இதுதான். 2 ஜிபி ரேம் என்றால் ரேமை ஏற்றாமல் எதையும் போடாதீர்கள். 4 ஜிபி என்றால் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபி என்றால் மிண்ட் சின்னமன். அது பிடிக்காவிட்டால் ஸோரின் அல்லது உபுண்டு. உங்களுக்குத் தெரிந்த ஒருவர், பக்கத்துத் தெருவிலோ குடும்பத்திலோ, ஏற்கெனவே ஒன்றை ஓட்டுகிறார் என்றால் நான் சொன்னதை விட்டுவிட்டு அவர் வைத்திருப்பதையே போடுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிரிண்டர் மக்கர் செய்தால் ஓடி வரப்போவது அவர்தான்.

4. செலவு

இயங்குதளத்துக்குக் காசில்லை. ஆனால் சும்மாவும் முடியாது. நான் கொடுத்தது:

240 ஜிபி எஸ்எஸ்டி: 90 வெள்ளி (ரிங்கிட்)
4 ஜிபி ரேம், பழையது: 35 வெள்ளி
32 ஜிபி பென் டிரைவ்: 18 வெள்ளி
பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு வெளியே வைத்துக்கொள்ள ஒரு யூஎஸ்பி உறை: 15 வெள்ளி

ஆக 158 வெள்ளி. எஸ்எஸ்டி, ரேம் விலை நிலையாக நிற்பதில்லை, வாங்கும் அன்று இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள். எந்த லினக்ஸ் என்று யோசிப்பதில் வரும் வித்தியாசத்தைவிட ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுவதில் வரும் வித்தியாசம் பெரியது.

ரேம் வாங்கும்போது ஒரு பொறி. 2013, 2014 வாக்கில் வந்த மெஷின்கள் பலவற்றுக்கு டிடிஆர்3எல் வேண்டும், வெறும் டிடிஆர்3 அல்ல. அந்த 'எல்' குறைந்த மின்னழுத்தம், 1.35 வோல்ட். இரண்டும் ஒரே துளையில் அழகாக உட்காரும். தப்பானதைப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். நான் வெறும் டிடிஆர்3 வாங்கிக்கொண்டு ஈப்போவிலிருந்து திரும்பி வந்தேன். கடைக்காரர் மாற்றிக் கொடுக்கவில்லை. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் "இதே மாதிரி" என்று கேட்பதுதான் புத்தி.

5. தொடுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள்.

கோப்புகள்: படம், கடிதம், வரி ரசீது, பிறப்புப் பத்திர ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மட்டும் பார்த்தால் போதாது. நம் ஆட்கள் பாதிக் கோப்பை டெஸ்க்டாப்பிலும் மீதியை டவுன்லோட்ஸிலும்தான் வைத்திருப்பார்கள்.

கடவுச்சொற்கள்: உலாவி நினைவில் வைத்திருப்பது உங்கள் நினைவில் இருக்காது. மின்னஞ்சல், டெலிமா, வரி, வங்கி, வீட்டு வைஃபை, இவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். எழுதிய பிறகு கைப்பேசியில் ஒரு முறை நுழைந்து பாருங்கள். வங்கி உறுதிச் செய்தி வரும் கைப்பேசி எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிட்லாக்கர் மீட்புச் சாவி: டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கச் சாவி ஒன்று இருக்கும், பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில். அதை எழுதிக்கொள்ளுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மெஷினின் அடிப்படை அமைப்பு) எதையாவது மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பது போனதுதான்.

விண்டோஸ் உரிமம்: விண்டோஸ் 8-க்குப் பிறகு கடையில் விண்டோஸோடு வந்த மடிக்கணினிகளில் சாவி பெரும்பாலும் மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும். பின்னால் மனம் மாறினால் திரும்பப் போடலாம். ஆகவே பயம் வேண்டாம்.

உத்தரவாத ரசீது: இன்னும் காலம் முடியாத மெஷின் என்றால் பின்மூடியைத் திறப்பதற்கு முன் ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

என் முறை இன்னும் எளிது. பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே கழற்றிவிட்டு, காலியான புது எஸ்எஸ்டியில் லினக்ஸ் போட்டேன். எது தவறினாலும் நான்கு திருகாணியில் பழைய கணினி திரும்பி வந்துவிடும். இந்த நிம்மதிக்காகவே 90 வெள்ளி கொடுக்கலாம்.

6. பதிவிறக்கமும் பென் டிரைவும்

ஒன்றை மட்டும் இறக்காமல், ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க மூன்று டிஸ்ட்ரோ இறக்குங்கள். மூன்றும் சேர்ந்தால் 10 ஜிபியைத் தாண்டும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் மாதக் கோட்டா காலி. வீட்டில் ஃபைபர் இல்லாதவர்கள் நாடி மையம் (அரசின் சமூக இணைய மையம்) பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள், முன்பு பேடி என்று பெயர் இருந்ததே, அதுதான். போவதற்கு முன் பெரிய கோப்பை இறக்க விடுவார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்தந்தத் திட்டத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நாடுவாரியாகத் தளங்களின் பட்டியல் கொடுத்திருப்பார்கள். பக்கத்து நாடு எதுவோ அதைத் தொட்டால் வேகம் கிடைக்கும். இறங்கியதும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடச் சொல்வார்கள். பலர் தாண்டிவிடுவார்கள். நம் ஊர் இணையத்தில் தாண்டாதீர்கள், பாதியில் அறுந்து இறங்கிய கோப்பால் நிறுவல் 80 சதவீதத்தில் நின்றால் காரணமே புரியாது.

பென் டிரைவுக்கு வென்டாய் என்ற கருவியைச் சொல்வேன். அதை ஒரு முறை பென் டிரைவில் ஏற்றிவிட்டால், பிறகு டிஸ்ட்ரோ கோப்புகளைப் பாட்டுக் கோப்பு மாதிரி இழுத்துப் போட்டால் போதும். திறக்கும்போது பட்டியல் காட்டும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஒரு டிஸ்ட்ரோதான் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு ரூஃபஸ் போதும். எதுவானாலும் பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது முழுக்க அழியும். பிள்ளையின் பள்ளிப் பென் டிரைவை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன்.

7. நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

பென் டிரைவைச் செருகி, மெஷினைத் திறக்கும் கணத்தில் பூட் மெனு விசையை விடாமல் தட்டுங்கள். லெனோவோ, டெல் என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஆசூஸ் மடிக்கணினி என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 வழியாகப் பயாஸுக்குள் போய் அந்த மெனுவையே இயக்கிவிட வேண்டும். தெரியாதவர்கள் எஃப்12-ஐ அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருப்பார்கள். வென்டாய் முதல் தடவை செக்யூர் பூட் (அங்கீகரிக்காத நிரலைத் திறக்கவிடாத காவல்) பற்றி நீலத் திரை ஒன்றைக் காட்டலாம். சாவியைப் பதிந்துகொள்ளச் சொல்லும், படிப்படியாகப் பதிந்தால் சரியாகிவிடும்.

உள்ளே வந்ததும் அதுதான் லினக்ஸ், பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது. உங்கள் டிஸ்கை இன்னும் தொடவில்லை. பென் டிரைவ் என்பதால் மெதுவாக இருக்கும், வேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இங்கே சேமிப்பது எதுவும் மூடினால் தங்காது, அதையும் நினைவில் வையுங்கள்.

பார்க்க வேண்டியவை: வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, கேமரா, திரை வெளிச்ச விசை, மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா, வீட்டுப் பிரிண்டரைக் கண்டுபிடிக்கிறதா. மூடி விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள், பலர் நிறுவிய பிறகுதான் பார்க்கிறார்கள்.

வைஃபை வரவில்லையா? உடனே கைவிட வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். கம்பி வழி இணையம் மாதிரி அந்த நிமிடமே வரும். அந்த இணையத்தை வைத்து மிண்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், பிராட்காம் மாதிரிச் சில்லுகளுக்கான டிரைவரை (அந்தச் சில்லை இயக்கும் நிரலை) அதுவே கண்டுபிடித்துப் போடும். எனக்கு இது மட்டும் முதலில் தெரிந்திருந்தால் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டு விருந்தைத் தவறவிட்டிருக்க மாட்டேன். டிரைவர் போட்டும் வரவில்லை என்றால் லினக்ஸுக்கு ஒத்துவரும் சின்ன யூஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கிச் செருகிவிடலாம், பெரிய செலவில்லை.

மூன்றையும் இப்படி மாற்றி மாற்றித் திறந்து, வீட்டில் அதிகம் பயன்படுத்தப் போகிறவரை உட்கார வையுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். என் மகள் ஐந்து நிமிடத்தில் தேர்ந்தெடுத்தாள்.

8. நிறுவும் நாள்

காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் நம் பக்கம் இடி மின்னல் வந்தால் மின்சாரம் வெட்டும். பழைய மடிக்கணினியின் பேட்டரியோ பத்து நிமிடம் தாங்காது. நிறுவல் பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரி தாக்கல் கடைசி நேரமான ஏப்ரல், மே மாதத்திலும், வீட்டில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) எழுதும் பிள்ளை இருந்தால் அந்த நேரத்திலும் இந்த வேலையே வேண்டாம்.

எஸ்எஸ்டியில் நிறுவல் இருபது நிமிடம். அதன் பிறகு வரும் புதுப்பிப்புகள் இணையத்தைப் பொறுத்து அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம். தமிழ், பிரிண்டர், கோப்புகளைத் திரும்பக் கொண்டுவருவது எல்லாம் சேர்த்தால் அரை நாள்.

நிறுவும்போது மல்டிமீடியா கோடெக் பற்றிய பெட்டி வந்தால் டிக் செய்யுங்கள், வீடியோக்கள் ஓட அது வேண்டும். நேர மண்டலம் கோலாலம்பூர். விசைப்பலகை ஆங்கிலம் அமெரிக்க வகையாகவே இருக்கட்டும், தமிழை அப்புறம் சேர்க்கலாம். டிஸ்க் பற்றிய கேள்வி வரும் பக்கத்தில் கையை எடுத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். "டிஸ்கை முழுதும் அழித்து நிறுவு" என்பதற்கு அர்த்தம் அதேதான். காலி எஸ்எஸ்டி என்றால் தாராளமாக அழுத்தலாம்.

விண்டோஸும் இருக்கட்டும், லினக்ஸும் இருக்கட்டும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்க விரும்புபவர்கள், முதலில் விண்டோஸுக்குள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது இயங்கும்போது விண்டோஸ் முழுதாக மூடுவதே இல்லை, அரைத்தூக்கம். அதனால் லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாமல் போகும். இன்னொரு வேடிக்கை, விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் சரியாக எட்டு மணி நேரம் பின்னால் நிற்கும். லினக்ஸ் மெஷினின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது, நாம் எட்டு மணி முன்னால் இருக்கிறோம். பழுது ஒன்றுமில்லை, விண்டோஸின் நேர அமைப்பில் ஒத்திசைவைத் தொட்டால் திருந்தும். என்னைக் கேட்டால் 4 ஜிபி மெஷினில் இரண்டு குடும்பம் வேண்டாம்.

9. முதல் சாயங்காலம்

புதுப்பிப்பை முடித்துவிட்டு ஒரு முறை மூடித் திறங்கள். பிறகு தமிழ்.

மிண்ட்டின் அமைப்புகளில் உள்ளீட்டு முறை என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஐபஸ் என்ற தட்டச்சு நிரலைச் சேர்த்து, எம்17என் என்ற தொகுப்பையும் போட்டால் தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சு முறை எல்லாம் பட்டியலில் வரும். நம் நாட்டில் பாதிப்பேருக்கு முரசு அஞ்சல் பழக்கம். ஒலிப்பு முறை கைக்குப் பழகிய மாதிரி இருக்கும், ஆனால் சில எழுத்துக்கு விசை மாறும், ஒரு வாரம் பொறுங்கள். தமிழ்99 தெரிந்தவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் வேலை செய்யும், அதைச் செய்யாமல் "வரவில்லை" என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது எழுத்துரு. யூனிகோட் தமிழ் தானாகவே தெரியும். கோயில் கமிட்டியின் பழைய அறிவிப்புகளைத் திறந்தால் அது யூனிகோடாக இருக்காது, பாமினி மாதிரி ஏதாவது ஒன்றாக இருக்கும். திரையில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து இருமுறை தட்டினால் நிறுவும் பொத்தான் வரும். ஆனால் அது ஒட்டுப்போடும் வேலைதான். எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டால் அடுத்த செயலாளருக்கும் உதவும்.

லிப்ரெ ஆபீசில் வேர்ட் கோப்புகள் திறக்கும், சாதாரணக் கடிதத்துக்குப் பிரச்சினை இல்லை. கேலிப்ரி எழுத்துருவுக்குப் பதில் அதே அகலத்தில் கார்லிட்டோ என்று ஒன்று உண்டு, அது இருந்தால் வரிகள் இடம் மாறாது. அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ அனுப்புவதை எப்போதும் பிடிஎஃப்பாக மாற்றி அனுப்புங்கள். திருத்தம் கேட்பவர்களுக்கு மட்டும் டாக்எக்ஸ்.

பிரிண்டர்: கடந்த பத்து ஆண்டுகளில் வாங்கிய வைஃபை பிரிண்டர் என்றால் பெரும்பாலும் தானாகவே வந்து நிற்கும். எச்பிக்கு ஆதரவு நன்றாக இருக்கிறது. பிரதரும் எப்சனும் லினக்ஸ் டிரைவர் கொடுக்கிறார்கள். பழைய கேனன் லேசர்களில் சில ரகம் தகராறு செய்யும். வாங்குவதற்கு முன்னால் அந்த மாடலின் பெயரோடு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

கடைசியாக டைம்ஷிஃப்ட். மிண்ட்டோடு வரும் இந்தக் கருவி இயங்குதளத்தின் நிலையைப் படம் பிடித்து வைக்கும். ஒரு புதுப்பிப்பு கெடுத்துவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். உங்கள் புகைப்படங்களை அது காப்பதில்லை, சாதாரண அமைப்பில் வீட்டுக் கோப்புகளை அது தொடாது. அதற்கு வெளி டிஸ்க் தனி.

4 ஜிபியிலேயே நிறுத்திக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை: நினைவகத்தைத் தின்பது லினக்ஸ் அல்ல, உலாவி. இருபது பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு மெஷின் மெதுவாக ஓடுகிறது என்றால் எந்த டிஸ்ட்ரோவும் காப்பாற்றாது. ஐந்தாறோடு நிறுத்தச் சொல்லுங்கள். என் மகள் கேட்பதில்லை, அதனால்தான் ரேமையும் 8 ஆக்கினேன்.

10. பழைய ஹார்ட் டிஸ்க்

அதை உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, மேசை இழுப்பறையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு அழிக்காதீர்கள், யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்று நானும் நினைத்தேன். ஏழாவது வாரம் மாமனாரின் ஓய்வூதிய விஷயமாக அவருடைய பழைய தோட்டச் சம்பளச் சீட்டின் ஸ்கேனைக் கேட்டார்கள். 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயரில், டெஸ்க்டாப்பில் இருந்த இன்னொரு ஃபோல்டருக்குள் கிடந்தது.